பிரிண்டர் போர்ட்டைப் பேசவைத்தல்

பழைய மேசைக் கணினியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். 25 சின்னத் துளைகள் இரண்டு வரிசையாக அமைந்த நீளமான போர்ட் ஒன்று தெரியும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மாட்டிய இடம் அது. பிரிண்டர்கள் யுஎஸ்பிக்கு மாறிவிட்டதால் இன்று அதில் தூசிதான் இருக்கிறது. சவுண்ட் கார்டு எதுவும் இல்லாமல், அந்த ஒரு போர்ட்டையும் 25 ரெசிஸ்டர்களையும் வைத்துக்கொண்டு கணினியிலிருந்து பாட்டைக் கேட்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

ஒலியைப் பற்றி இணையத்தில் எத்தனை வாசித்தாலும் கிடைக்காத ஒரு தெளிவை இந்தச் சின்னச் சுற்று தந்துவிடும். சவுண்ட் கார்டு ஒரு மூடிய பெட்டி. உள்ளே நடப்பது நமக்குத் தெரியாது. இங்கே மூடி கிடையாது. ஒவ்வொரு எண்ணையும் நீங்களே அனுப்புகிறீர்கள். அது வோல்டேஜாக மாறுவதை மல்டிமீட்டரில் பார்க்கிறீர்கள். பிறகு காதால் கேட்கிறீர்கள். கணினி படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது செய்துபார்க்க வேண்டிய வேலை என்றே நினைக்கிறேன்.

இது எங்கிருந்து வந்தது

1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசியில் ஒலிக்கென்று இருந்தது ஒரு சிறு ஸ்பீக்கர் மட்டும். அதைத் தள்ளலாம், விடலாம். இடைப்பட்ட நிலை கிடையாது. ஆட்லிப் கார்டு 1987-இலும் சவுண்ட் பிளாஸ்டர் 1989-இலும் வந்தன. ஆனால் அவற்றைப் பொருத்தக் கணினியைத் திறக்க வேண்டும், காலியாக ஸ்லாட் வேண்டும், காசும் வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த கோவாக்ஸ் நிறுவனம் 1987-இல் வேறொரு வழி பிடித்தது. பிரிண்டர் போர்ட்டில் செருகும் ஒரு சின்னக் கூடு, அதிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒரு வயர். ‘ஸ்பீச் திங்’ என்று பெயர். அதன் சாரம் ஒரு ரெசிஸ்டர் ஏணிதான். விஷயம் தெரிந்ததும் ஆர்வலர்கள் தாங்களே ஏணியைச் சால்டர் செய்துகொண்டார்கள். டாஸ் காலத்து இசை நிரல்கள் பலவற்றில் ‘கோவாக்ஸ்’ என்ற தேர்வும் இடம்பிடித்தது.

1990-இல் டிஸ்னி வெளியிட்ட ‘சவுண்ட் சோர்ஸ்’ இதே குடும்பம்தான், ஆனால் ஒரு படி மேல். உள்ளே 16 பைட் கொள்ளும் சின்னச் சேமிப்பு வரிசை இருந்தது. கணினி எண்களைக் கொத்தாகப் போட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போகலாம். பெட்டி தன் சொந்தக் கடிகாரத்தில் நொடிக்கு 7,000 என்ற சீரான வேகத்தில் ஒவ்வொன்றாக எடுத்து ஒலிக்கும். இந்த 16 பைட்டை நினைவில் வையுங்கள். அவர்கள் எதற்காக அந்தச் சிரமம் எடுத்தார்கள் என்பது கீழே விளங்கும்.

ஏணி எப்படி வேலை செய்கிறது

பிரிண்டர் போர்ட்டின் 2 முதல் 9 வரையுள்ள பின்கள் எட்டும் தரவு பின்கள். ஒரு எண்ணை எழுதினால் அதன் எட்டு பிட்களும் இந்த எட்டு பின்களில் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். ஒன்று என்றால் ஏறக்குறைய 5 வோல்ட், பூஜ்யம் என்றால் 0. அடுத்த எண்ணை எழுதும்வரை அப்படியே நிற்கும் என்பதுதான் முக்கியம். போர்ட்டின் சில்லு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. 18 முதல் 25 வரை எல்லாம் கிரவுண்டு.

எட்டு பிட்களுக்கும் மதிப்பு ஒன்றல்ல. பின் 9-இல் இருப்பது மொத்தத்தில் பாதி, பின் 8-இல் கால், அடுத்தது அரைக்கால் என்று இறங்கி, பின் 2-இல் 256-இல் ஒரு பங்கு. இந்தப் பங்கீட்டைத்தான் ஏணி செய்கிறது. பக்கவாட்டில் ஓடும் ரெசிஸ்டர்கள் 10 கிலோஓம், ஒவ்வொரு பின்னிலிருந்தும் இறங்கும் படிகள் 20 கிலோஓம். எந்தச் சந்திப்பில் நின்று பார்த்தாலும் இரு பக்கத்து எதிர்ப்பும் ஒன்றுக்கொன்று ஈடாகவே இருப்பதால், ஒரு சந்திப்பைத் தாண்டும்போது சிக்னல் சரிபாதியாகிறது. அடுக்கடுக்காகப் பாதி. 5 வோல்ட்டை 256 படியாகப் பிரித்தால் ஒரு படிக்கு 19.5 மில்லிவோல்ட்.

20 கிலோஓமைத் தனியாக வாங்காதீர்கள். எல்லாமே 10 கிலோஓம், ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டராக ஒரே பட்டையிலிருந்து வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் ‘பத்து கே, ஒன் பர்சென்ட்’ என்று கேட்டாலே போதும். இரண்டைத் தொடராக இணைத்தால் 20. கணக்கு இது: எட்டு படிகளுக்கு 16, ஏணியின் அடியைக் கிரவுண்டோடு கட்டுவதற்கு 2, பக்கவாட்டுக்கு 7. மொத்தம் 25. ஆனால் நாற்பது வாங்குங்கள், காரணம் உண்டு.

பின் 9-இன் படி சற்றுப் பிசகினால் அந்தப் பிசகு மொத்த ஒலியின் பாதியைத் தொடும். நமது ஒரு வோல்டேஜ் படியோ 256-இல் ஒரு பங்கு, அதாவது 0.4 சதவீதம். ஒரு சதவீத ரெசிஸ்டரால் அந்தத் துல்லியத்துக்கு உறுதி தர முடியாது. ஐந்து சதவீதக் கார்பன் ரெசிஸ்டரைப் பற்றிப் பேசவே வேண்டாம். எனவே நாற்பதையும் மல்டிமீட்டரில் அளந்து எழுதிக்கொண்டு, ஒன்றோடொன்று மிக நெருங்கியவற்றைப் பின் 9, 8, 7 பக்கம் போடுங்கள். தள்ளிப்போனவற்றைப் பின் 2 பக்கம் போடலாம். அங்கே பிழையின் எடை குறைவு. 10 கிலோஓம் அச்சாகச் சரியாக இருக்க வேண்டியதில்லை. எல்லாம் 9.95 என்றால் அதுவும் நல்லதே. தங்களுக்குள் ஒத்துப்போனால் போதும்.

கட்டுதல்

முதலில் போர்ட்டை அடையாளம் காணுங்கள். கணினியில் இருப்பது துளை உள்ள 25 என்றால் பிரிண்டர் போர்ட். ஊசி உள்ள 25 என்றால் அது சீரியல் போர்ட். அதில் 12 வோல்ட் அளவுக்கு நேராகவும் எதிராகவும் வரும், தொடவே தொடாதீர்கள். பழைய மேக்கின் பின்னாலும் 25 துளை உண்டு. அது ஸ்கஸி போர்ட், நமக்கு ஆகாது.

நமது கனெக்டர் ஊசி உள்ள வகை. இதைச் சால்டர் செய்யும்போது நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். புத்தகங்களில் வரும் படம் பெரும்பாலும் முன்முகத்தைக் காட்டும். நாம் சால்டர் வைப்பது பின்முகத்தில். இடம் வலம் மாறிவிடும். முதல்முறை நான் ஏணியைத் தலைகீழாகக் கட்டிவிட்டேன். பெரிய பிட் சின்னதாகவும் சின்னது பெரியதாகவும் ஆகி, ஸ்பீக்கரில் மழைச் சத்தம்போல இரைச்சல் கொட்டியது. அதற்குள் எங்கோ ஒருவர் பேசுவதுபோல மட்டும் இருந்தது. குறையைக் கண்டுபிடிக்க இரண்டு மாலை ஆயிற்று. கனெக்டரின் பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு ஊசியின் பக்கத்திலும் எண் மிகச் சிறிதாக அச்சாகியிருக்கும். லென்ஸ் வைத்துப் படித்து, அதை மட்டும் நம்புங்கள்.

வரிசை இப்படி. கிரவுண்டிலிருந்து 20 கிலோஓம் வந்து முதல் சந்திப்பில் சேரட்டும். அதே சந்திப்புக்குப் பின் 2-இலிருந்து 20 கிலோஓம். அங்கிருந்து 10 கிலோஓம் இரண்டாவது சந்திப்புக்கு. அதற்குப் பின் 3-இலிருந்து 20 கிலோஓம். இப்படியே போய் எட்டாவது சந்திப்பில் பின் 9 சேரும். ஒலி வெளியே வருவது அந்த எட்டாவது சந்திப்பிலிருந்து.

இங்கிருந்து நேராக ஹெட்ஃபோனுக்குப் போக முடியாது. ஏணியின் வாய் 10 கிலோஓம் எதிர்ப்பு உடையது; 32 ஓம் ஹெட்ஃபோனை மாட்டினால் முழு 5 வோல்ட்டும் 16 மில்லிவோல்ட்டாகச் சுருங்கிவிடும். ஆம்பிளிஃபயர் உள்ள கணினி ஸ்பீக்கர்தான் சரி. அதற்குமுன் மூன்று பொருள் வேண்டும். எட்டாவது சந்திப்பிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 3.3 நானோஃபாரட் கெப்பாசிட்டர். இது ஏணியின் 10 கிலோஓமோடு சேர்ந்து உயர் அதிர்வெண்களிலுள்ள படிக்கட்டுச் சத்தத்தை மழுக்கும். பிறகு தொடராக ஒரு மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அமைதியாக இருக்கும்போதுகூட ஏணியில் 2.5 வோல்ட் நிற்கும், அது ஸ்பீக்கருக்குள் போகக்கூடாது. எலக்ட்ரோலிட்டிக் வகை என்றால் நேர்முனை ஏணிப் பக்கம். கடைசியாக 10 கிலோஓம் வால்யூம் கன்ட்ரோல். ஏணியிலிருந்து வருவது ஸ்பீக்கரின் உள்ளீடு எதிர்பார்ப்பதைவிடப் பல மடங்கு. வால்யூமை அடியில் வைத்துத் தொடங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. மதர்போர்டிலேயே பதிந்த போர்ட்டில் ஏதாவது ஷார்ட் ஆனால் போவது மதர்போர்டின் சில்லு. ஸ்லாட்டில் போடும் பிரிண்டர் கார்டு ஒன்று இருந்தால் அதில் பழகுங்கள். கணினியை அணைத்துவிட்டுத்தான் செருகவும் பிடுங்கவும் வேண்டும்.

ஒலிக்கு முன் வோல்ட்

உடனே பாட்டை ஓட்ட ஆசை வரும். பொறுங்கள். பயாஸில் போர்ட்டை ‘நார்மல்’ அல்லது ‘எஸ்பிபி’ என்று வையுங்கள். மற்ற முறைகளில் தரவு பின்கள் எழுதாமல் படிக்கத் தொடங்கிவிடக்கூடும். முதல் பிரிண்டர் போர்ட்டின் முகவரி வழக்கமாக 888, இரண்டாவது 632. பதினாறடி எண்முறையில் இவையே 378, 278. ஸ்லாட் கார்டு என்றால் முகவரி வேறாக இருக்கும்; லினக்ஸில் பிசிஐ கருவிகளைப் பட்டியலிட்டால் தெரியும்.

பேசிக் மொழியின் அவுட் கட்டளையால் அந்த முகவரிக்கு 1, 2, 4, 8 என்று 128 வரை ஒவ்வொன்றாக எழுதி, எட்டாவது சந்திப்பில் மீட்டரை வையுங்கள். 0.02, 0.04, 0.08, 0.16, 0.31, 0.63, 1.25, 2.5 என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். உங்கள் போர்ட் 5 வோல்ட்டுக்குப் பதில் 3.3 தந்தால் எல்லாம் அதே விகிதத்தில் குறையும்; குறையொன்றும் இல்லை. இரட்டிக்காத இடத்தில் சால்டர் விட்டிருக்கிறது. அடுத்து 127-ஐயும் 128-ஐயும் மாறிமாறி எழுதுங்கள். 128 ஒரு துளி கூடுதலாகக் காட்ட வேண்டும். 127 கூடுதலாகக் காட்டினால் பின் 9-இன் படியில் எதிர்ப்பு அதிகம், ரெசிஸ்டரை மாற்றுங்கள். மெல்லிய ஒலிகள் எல்லாம் இந்த 127, 128 எல்லையைத்தான் திரும்பத் திரும்பக் கடக்கின்றன. இங்கே கோணல் இருந்தால் சத்தமான பாட்டு நன்றாகக் கேட்கும், மெதுவான பேச்சு கரகரக்கும்.

நேரம் தவறினால்

இனி நிரல். எந்த ஒலி மாற்றியிலும் ஒரு பாட்டை ஒற்றைத் தடமாக, எட்டு பிட்டாக, குறி இல்லாத எண்ணாக, நொடிக்கு 11,025 மாதிரியாக, தலைப்புப் பகுதி இல்லாத வெறும் கோப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் 6,61,500 பைட். பழைய 1.44 எம்பி ஃபிளாப்பியில் இரண்டே கால் நிமிடம்கூட முழுதாகக் கொள்ளாது. கோப்பிலிருந்து ஒரு பைட் எடு, 888-க்கு எழுது, 90.7 மைக்ரோவிநாடி காத்திரு, அடுத்ததை எடு. நிரல் முழுதும் இவ்வளவே.

சிக்கல் முழுவதும் ‘காத்திரு’ என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழு அளவில் ஒலிக்கும் 1,000 ஹெர்ட்ஸ் அலை நடுவைக் கடக்கும்போது நொடிக்கு எட்டு லட்சம் படி வேகத்தில் ஏறுகிறது. அதாவது ஒரு படி ஏற 1.25 மைக்ரோவிநாடி. எண் சரியாக இருந்து, அது 1.25 மைக்ரோவிநாடி தாமதமாக வந்தால், தவறான எண்ணைச் சரியான நேரத்தில் அனுப்பியதற்குச் சமம். 10 மைக்ரோவிநாடி அங்குமிங்கும் ஆடினால் பிழை எட்டு படி. எட்டு பிட்டில் மூன்று பிட் அங்கேயே போயிற்று. ரெசிஸ்டரை உட்கார்ந்து பொறுக்கியதெல்லாம் வீண். எண்ணைவிட எண் வந்து சேரும் நேரம்தான் ஒலியைத் தீர்மானிக்கிறது. டிஸ்னி பெட்டியில் 16 பைட்டும் தனிக் கடிகாரமும் வைத்தது இதற்காகத்தான்.

டாஸில் இதை அழகாகச் செய்யலாம். பென் டிரைவிலிருந்து ஃப்ரீடாஸ் ஏற்றினாலும் போதும். பிசியின் டைமர் சில்லு நொடிக்கு 11,93,182 முறை துடிக்கிறது. சாதாரணமாக அதை 65,536-ஆல் வகுத்து, நொடிக்கு 18.2 முறை குறுக்கீடு எழுப்புவார்கள். கணினியின் கடிகாரம் அதில்தான் ஓடுகிறது. நாம் வகுக்கும் எண்ணை 108 ஆக்கினால் நொடிக்கு 11,048 குறுக்கீடு. பாட்டு 0.2 சதவீதம் வேகமாகப் போகும். சுருதி கூடியதைத் தேர்ந்த காதுகூடச் சொல்லாது. ஒவ்வொரு குறுக்கீட்டிலும் நமது சிறு நிரல் ஒரு பைட்டை எழுதிவிட்டு, 32 என்ற முகவரிக்கு 32 என்ற எண்ணை எழுதி ‘முடிந்தது’ என்று சொல்லித் திரும்ப வேண்டும்.

பழைய கடிகார வேலையை மறந்துவிடக்கூடாது. ஒரு 16 பிட் மாறியில் ஒவ்வொரு முறையும் 108 கூட்டி, அது நிரம்பி வழியும்போது மட்டும் பழைய குறுக்கீட்டு நிரலை அழைத்தால் கடிகாரம் பிசகாது. நிரல் முடியும்போது டைமரைப் பழைய நிலைக்குத் திருப்புவது கட்டாயம். கோப்பை முன்கூட்டியே முழுதாக நினைவகத்தில் ஏற்றிவிடுங்கள். டிஸ்க்கைப் படிக்கும் நேரத்தில் குறுக்கீடு தள்ளிப்போகும், அது ‘டிக்’ என்று கேட்கும். டாஸின் 640 கேபியில் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே கொள்ளும்.

லினக்ஸில் பிரிண்டர் இயக்கியை இறக்கிவிட்டு, ரூட் அனுமதியோடு போர்ட்டைத் திறக்கலாம். ஆனால் ‘உறங்கி எழு’ என்ற வகைக் கட்டளைகளை நம்பாதீர்கள். 90 மைக்ரோவிநாடி இடைவெளியில் அவை தள்ளாடும். ஒரு கோரை இதற்கென்றே ஒதுக்கி, கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே சுழலும் நிரல் எழுதுங்கள். ஒரு கோர் முழுதும் வீணாகிறதே என்று தோன்றும். பழகுவதற்கு இது பரவாயில்லை. விண்டோஸில், என்டி வழிவந்த எதிலும், சாதாரண நிரல் போர்ட்டைத் தொடவே முடியாது. தனி இயக்கி வேண்டும். இந்த வேலைக்கு விண்டோஸை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைகளில் யுஎஸ்பியிலிருந்து பிரிண்டர் போர்ட்டுக்கு மாற்றும் கேபிள் கிடைக்கிறது. அது இதற்கு உதவாது. அதற்குள் இருப்பது பிரிண்டரோடு பேசத் தெரிந்த ஒரு சில்லு. ‘வாங்கிக்கொண்டேன்’ என்ற பதில் வந்தால்தான் அடுத்த பைட்டை விடும், அதுவும் தன் வசதிக்கு. 888 என்ற முகவரியே அங்கே கிடையாது.

பிரிண்டர் போர்ட்டே இல்லாதவர்களுக்கு

2021-இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்ன போர்டு இதே ஏணியை அப்படியே ஏற்றுக்கொள்ளும். அதன் ஜிபிஐஓ 0 முதல் 7 வரை எட்டுக்கும் ஏணியின் எட்டு படிகள். வோல்டேஜ் 3.3 என்பதால் ஒரு படி 12.9 மில்லிவோல்ட். கணினி யுஎஸ்பி வழியாக எண்களைக் கொத்தாக அனுப்பட்டும். பிக்கோவில் இரண்டு தாங்கு நினைவகம் வைத்து, ஒன்று ஒலிக்கும்போது மற்றதை நிரப்புங்கள். அதிலுள்ள பிஐஓ என்ற தனிப் பகுதி எட்டு பின்களையும் ஒரே நொடிப்பில் மாற்றும். 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 11,337.87-ஆல் வகுக்கச் சொன்னால் நொடிக்கு 11,025 கிடைக்கும். நேரத் தள்ளாட்டம் ஒரு மைக்ரோவிநாடியில் நூறில் ஒரு பங்குக்குள். இரண்டையும் கட்டி அடுத்தடுத்துக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒலி சுத்தமாக வருவது இதில்தான். ஆனால் முதலில் பிரிண்டர் போர்ட்டில் கட்டிப் பாருங்கள். தள்ளாட்டத்தைக் காதால் கேட்காதவருக்கு அது நீங்கியதன் அருமை தெரியாது.

கேட்டுத் திருத்துதல்

முதலில் ஒலிக்க வேண்டியது பாட்டல்ல, பேச்சு. மனிதக் குரலில் பிசகு இருந்தால் காது உடனே சொல்லிவிடும். பாட்டு பல பிழைகளை மூடிவிடும்.

யாரும் பேசாத இடத்தில் உறுமல் கேட்டால், ஹார்டு டிஸ்க் ஓடும்போது அது மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறினால் கணினியின் மின்வழங்கியிலுள்ள அழுக்கு ஏணி வழியே வருகிறது. ‘ஒன்று’ என்பதே கணினியின் 5 வோல்ட்தானே. போர்ட்டுக்கும் ஏணிக்கும் நடுவில் ஒரு 74எச்சிடி541 சில்லு போட்டு, அதற்கு 9 வோல்ட் பேட்டரியிலிருந்து 7805 வழியாகச் சுத்தமான 5 வோல்ட் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கணினியின் கிரவுண்டும் பேட்டரியின் கிரவுண்டும் இணைந்திருக்க வேண்டும்.

வாக்கியத்தின் கடைசி அசை தேயும் இடத்தில் மணலைத் தேய்ப்பதுபோல ஒரு கரகரப்பு வரும். சுற்றில் பிழை இல்லை. எட்டு பிட்டின் இயல்பு அது. மெல்லிய ஒலிக்கு நான்கைந்து படிதான் கிடைக்கிறது, அலை முரட்டுப் படிக்கட்டாகிறது. மருந்து வினோதமானது. 16 பிட் ஒலியை எட்டாகக் குறைக்கும் முன்பு, ஒரு படி அளவுக்குத் தாறுமாறான மெல்லிய இரைச்சலைக் கலந்துவிட வேண்டும். ஒலி மாற்றிகளில் ‘டிதர்’ என்று இருக்கும். கரகரப்பு போய், அதன் இடத்தில் சீரான மெல்லிய ‘ஸ்’ என்ற ஒலி வரும். சொல் கடைசிவரை முறியாமல் தேய்ந்து அடங்கும். டிதர் போட்டது, போடாதது என்று ஒரே பேச்சை இரண்டு கோப்பாக வைத்து மாற்றிமாற்றிக் கேளுங்கள். பிறகு 3.3 நானோஃபாரட்டை எடுத்துவிட்டு 4.7 போட்டுப் பாருங்கள். ‘ஸ்’ குறையும், கூடவே குரலின் ‘ச’கரமும் மங்கும். எது உங்களுக்கு உறுத்தவில்லையோ அதையே சால்டர் செய்யுங்கள்.